பப் பரிசோதனை அறிக்கையை வாசித்தல்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற மகளிர் சுகாதார அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவுக்கு வந்த இடத்தில் கருப்பைக் கழுத்தைப் பற்றி ஒரு பேச்சா என்று நிகழ்ச்சி நிரலைப் பார்த்துச் சிலர் முகத்தைச் சுளித்திருப்பீர்கள். எங்கள் காலத்தில் விலங்கியல் வகுப்பிலே தவளையை வெட்டிப் பார்த்து முடித்து, மனித இனப்பெருக்கத் தொகுதிக்கு வந்ததும், "இதை வீட்டில் வாசிச்சுக்கொண்டு வாங்கோ" என்று சொல்லி ரீச்சர் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிடுவார். வீட்டில் யார் வாசித்தோம்? அந்த இரண்டு பக்கத்தில் ஒன்றையாவது இன்று வாசித்து முடிப்போம் என்று நினைக்கிறோம்.

உங்கள் முன் நிற்கும் நாங்கள் மூவரும் இக்கல்லூரியின் வெவ்வேறு ஆண்டு மாணவிகள். ஒருவர் பெண்நோயியல் விடுதியில் வைத்தியர். ஒருவர் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் கீழ் இந்தக் கலங்களைப் பார்ப்பவர். மற்றவர் குடும்பநல உத்தியோகத்தராக ஊர் ஊராகச் சைக்கிளில் திரிந்து ஓய்வு பெற்றவர். உரையை மூவரும் சேர்ந்தே எழுதினோம்.

பரிசோதனை செய்யுங்கள் என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். செய்தபின் கையில் வரும் தாளை எப்படி வாசிப்பது என்று சொல்லுவார் குறைவு. தோழியர் எங்களுக்குத் தொலைபேசி எடுத்து ஆங்கில எழுத்துக்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுவார்கள். கடைசியில் ஒரே கேள்விதான் வரும்: "இது அதுவோ?" அந்தச் சொல்லை வாயால் சொல்லமாட்டார்கள். பெரும்பாலும் எங்கள் பதில், "இல்லை, அது இல்லை. ஆனால் அறிக்கையை மடித்து வைத்துவிடாதேங்கோ" என்பதுதான். இந்தப் பேச்சு முழுவதும் அந்தப் பதிலின் விரிவு.

முதலில், என்ன எடுக்கிறார்கள்? கருப்பையின் அடிப்பகுதி ஒடுங்கி யோனிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கருப்பைக் கழுத்து. அதன் வெளிப்புறத்தில் மீன் செதில்போலத் தட்டையான கலங்களும், உட்புறத்தில் நீளமான சுரப்பிக் கலங்களும் உண்டு. இரண்டும் சந்திக்கும் ஓரம் வயதோடும் மகப்பேற்றோடும் இடம் மாறிக்கொண்டிருப்பதால் நிலைமாறும் வலயம் எனப்படும். புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவது இந்த ஓரத்தில்தான். அங்கிருந்து மரக்கரண்டி போன்ற ஒன்றால் அல்லது சிறு தூரிகையால் கலங்களை மெல்ல வழித்தெடுத்து, கண்ணாடி வழுக்கியில் பூசி, காய்ந்துபோகுமுன் மதுசாரத்தில் இடுவார்கள். ஒரு சில நிமிட வேலை. பயத்தில் உடம்பை இறுக்கிக்கொள்ளாவிட்டால் நோவும் அதிகம் இல்லை.

"பப்" என்பது ஒரு மனிதரின் பெயரின் முதற்பகுதி. ஜோர்ஜ் பப்பனிகொலாவு, 1883இல் கிரேக்க நாட்டில் பிறந்து 1913இல் அமெரிக்கா போனவர். 1928இல் தாம் கண்டதை ஒரு மகாநாட்டில் சொன்னபோது எவரும் பெரிதாக எடுக்கவில்லை. 1943இல் ஹேர்பேர்ட் ட்ரௌட் என்பவரோடு சேர்ந்து நூலாக வெளியிட்ட பின்பே உலகம் திரும்பிப் பார்த்தது. இதில் நாங்கள் மறக்கக்கூடாதவர் அவருடைய மனைவி அண்ட்ரோமக்கி. கணவரின் ஆய்வுக்காகப் பல ஆண்டுகள் தம்மிடமிருந்தே மாதிரி எடுக்கக் கொடுத்தவர். பரிசோதனைக்கு அவர் பெயரை எவரும் வைக்கவில்லை.

இனி அறிக்கை. முன்னர் ஒன்று முதல் ஐந்து வரை இலக்கமிட்ட வகுப்புகள் இருந்தன. "எனக்கு இரண்டாம் வகுப்பு" என்று, சோதனையில் சித்தியடைந்தவர்போல் சொன்ன அக்காமார் இங்கேயும் இருக்கக்கூடும். இன்று பல நாடுகளிலும் பாவிப்பது 1988இல் உருவாகிப் பின்னர் திருத்தப்பட்டுவரும் பெதஸ்டா முறை. அதில் இலக்கங்களுக்குப் பதிலாகச் சொற்கள் இருக்கும்.

எல்லோரும் நேரே கடைசி வரிக்குப் போவார்கள். முதல் வரியைப் பாருங்கள். எடுத்த மாதிரி போதுமானதா இல்லையா என்று அங்கேதான் எழுதியிருக்கும். "போதாது" என்றால் உங்களில் நோய் இருக்கிறது என்றும் அர்த்தமில்லை, இல்லை என்றும் அர்த்தமில்லை. கலங்கள் குறைவாக இருந்திருக்கலாம், இரத்தம் அல்லது சளி மூடியிருக்கலாம், வழுக்கி காய்ந்திருக்கலாம். சில கிழமைகள் கழித்து மறுபடி எடுக்கவேண்டும், அவ்வளவே. மாதவிடாய் நாட்களில் போகாமல் விடுவதும், முதல் இரண்டு நாட்களும் தாம்பத்திய உறவு, யோனிக்குள் வைக்கும் மருந்து, கிறீம் இவற்றைத் தவிர்ப்பதும் இந்த வரி வராமல் இருக்க உதவும்.

அடுத்து, மிக அதிகமானோருக்கு வருவது என்.ஐ.எல்.எம். என்ற நான்கு எழுத்து. புற்றுநோயோ அதற்கு முந்திய மாற்றமோ காணப்படவில்லை என்பது பொருள். அதன் கீழே "அழற்சி" என்று ஒரு சொல் இருக்கும். அதைப் பார்த்துத்தான் அரைவாசித் தொலைபேசி அழைப்புகள் வருகின்றன. அழற்சி புற்றுநோய் அல்ல. பூஞ்சணம், ட்ரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணி போன்றவை இருந்தால் பெயரைக் குறிப்பிடுவார்கள். வெள்ளைபடுதல், கடி, நாற்றம் இருந்தால் மருந்து எடுக்கவேண்டும். ஒன்றும் இல்லாமல் வெறும் அழற்சி என்ற சொல்லுக்காக நுண்ணுயிர்கொல்லி விழுங்கத் தேவையில்லை. மாதவிடாய் நின்றவர்களுக்கு "மெலிவு" என்று எழுதியிருக்கும். ஓமோன் குறைந்து கலங்கள் மெலிந்துவிட்டன என்பதே அது. வயதின் அடையாளம், நரைமயிர் மாதிரி.

மூன்றாவது, ஏ.எஸ்.சி.யு.எஸ். நாங்கள் அஸ்கஸ் என்போம். கலம் வழமைபோலவும் இல்லை, மாறிவிட்டது என்று துணிந்து சொல்லவும் முடியவில்லை. ஆய்வுகூடத்தில் இருக்கும் எங்கள் தோழி சொல்வதுபோல, பார்ப்பவர் நேர்மையாகத் தோளைக் குலுக்குவது அது. எச்.பி.வி. வைரசுப் பரிசோதனை செய்ய வசதி இருந்தால் அதைச் செய்வார்கள், இல்லாவிட்டால் குறித்த காலத்தில் மறுபடி பப் பரிசோதனை. பலருக்கு அடுத்த முறை எல்லாம் வழமைக்குத் திரும்பியிருக்கும்.

எல்.எஸ்.ஐ.எல். என்றால் தாழ்ந்த தர மாற்றம். எச்.பி.வி. தொற்றின் கைரேகை என்று சொல்லலாம். உடம்பு இந்த வைரசைத் தானே விரட்டிவிடும். தொற்றியவர்களில் பத்தில் ஒன்பது பேரளவில் இரண்டு ஆண்டுக்குள் அது மறைந்துபோகிறது. வயதையும் முந்திய அறிக்கைகளையும் பொறுத்து, மறுபரிசோதனையோ கொல்பொஸ்கொப்பியோ சொல்லுவார்கள். கொல்பொஸ்கொப்பி என்பது சத்திரசிகிச்சை அல்ல. உருப்பெருக்கிக் கருவியால் கழுத்தைப் பார்ப்பது. வினாகிரியில் உள்ள அதே அமிலத்தை ஐதாகத் தடவினால் மாறிய இடம் வெண்மையாகத் தெரியும். தேவையானால் அந்த இடத்தில் பயறளவு துண்டு எடுப்பார்கள். அந்தத் துண்டின் அறிக்கையில்தான் சி.ஐ.என். 1, 2, 3 என்ற இலக்கங்கள் வரும். பப் அறிக்கையையும் துண்டின் அறிக்கையையும் போட்டுக் குழப்பவேண்டாம். பப் சந்தேகத்தைச் சொல்கிறது, துண்டு தீர்ப்பைச் சொல்கிறது.

எச்.எஸ்.ஐ.எல். உயர்ந்த தர மாற்றம். சேர்த்து வாசித்தால் தமிழில் "எச்சில்" என்று வரும்; ஆய்வுகூடத்தில் எங்கள் பிள்ளைகள் அப்படிச் சொல்லிச் சிரிப்பதுண்டு. ஆனால் காலம் தாழ்த்தாமல் கொல்பொஸ்கொப்பிக்குப் போகவேண்டிய அறிக்கை இது. இதுவும் புற்றுநோய் என்ற அறிவித்தல் அல்ல. பெரும்பாலும் புற்றுநோய்க்கு முந்திய படி, முழுமையாக நீக்கக்கூடிய படி.

எமக்குத் தெரிந்த ஒரு தாய், இப்படி ஓர் அறிக்கையைக் கூறைச்சேலையின் மடிப்புக்குள் வைத்து அலுமாரியைப் பூட்டிவிட்டார். மகளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்த நேரம். தாய்க்கு இந்த வருத்தம் என்று சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பயம். எட்டு மாதம் கழித்து, கலியாணம், கால்மாறுதல் எல்லாம் முடிந்த பிறகு, மடிப்புக் குலையாத தாளோடு கிளினிக்குக்கு வந்தார். அந்த எட்டு மாதமும் தான் சாகப்போவதாக நினைத்துக்கொண்டே பலகாரம் சுட்டிருக்கிறார். கொல்பொஸ்கொப்பியில் பார்த்து, மின்வளையத்தால் மாறிய பகுதியை வழித்தெடுத்தார்கள். அந்த இடம் மாத்திரம் விறைக்க ஊசி போட்டார்கள், மாலையில் வீட்டுக்குப் போனார். துண்டின் அறிக்கை சி.ஐ.என். 3. புற்றுநோய் இல்லை. நல்ல முடிவுதான். ஆனால் அந்த எட்டு மாதத்தை அவர் எவருக்குக் கொடுத்தார் என்று எங்களுக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது, அவர்மேல் அல்ல.

அப்படியே விட்டிருந்தால்? அதற்கான விடையை உலகம் ஒரு கொடுமையான வழியில் அறிந்தது. நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரப் பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றில், 1960களின் நடுப்பகுதியிலிருந்து, இம்மாற்றங்கள் புற்றுநோயாவதில்லை என்று நம்பிய ஒரு வைத்தியர், பல பெண்களுக்குச் சரியான சிகிச்சை கொடுக்காமல் அவதானித்து வந்தார். தம்மை வைத்து அப்படியோர் ஆய்வு நடக்கிறது என்பதே அப்பெண்களுக்குத் தெரியாது. 1987இல் சண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் என்ற இரு பெண்கள் ஒரு சஞ்சிகையில் எழுதி இதை வெளிக்கொண்டு வந்தார்கள். 1988இல் சில்வியா கார்ட்ரைட் தலைமையிலான விசாரணை அறிக்கை வெளிவந்தது. பின்னர் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, சி.ஐ.என். 3க்குப் போதிய சிகிச்சை பெறாதவர்களில் 30 ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 31 வீதமானோருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. சிகிச்சை பெற்றவர்களில் ஒரு வீதத்துக்கும் குறைவு. இந்த இரண்டு இலக்கங்களுக்காக அந்தப் பெண்கள் கொடுத்த விலை பெரிது. அவற்றை நாங்கள் மனதில் வைத்திருப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை. எச்.எஸ்.ஐ.எல். வந்த இரவு நித்திரை முழிக்கத் தேவையில்லை என்பதும் அதில் இருக்கிறது, அலுமாரியில் வைக்கமுடியாது என்பதும் இருக்கிறது.

பிள்ளை பெற இன்னும் விருப்பமுள்ளவர்கள் வளையச் சிகிச்சைக்கு முன்பே அதை வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். எவ்வளவு ஆழம் எடுப்பது என்று அதையும் யோசித்துத் தீர்மானிப்பார்கள். சிகிச்சை முடிந்தது என்று பின்தொடர் பரிசோதனையை விட்டுவிடவும் கூடாது.

இன்னும் இரண்டு பெயர்கள் உண்டு: ஏ.எஸ்.சி.எச்., ஏ.ஜி.சி. முதலாவதில் உயர்ந்த தரத்தை ஒதுக்கிவிட முடியவில்லை, இரண்டாவதில் சுரப்பிக் கலங்களில் ஐயம். குறைவாகவே வரும். இரண்டுக்கும் மறுபரிசோதனைக்குக் காத்திராமல் மேலதிகப் பரிசோதனைக்குப் போகவேண்டும்.

இனி வெளிநாட்டுத் தங்கைமாருக்கு. எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே விடயத்துக்கு நாலு பெயர் ஓடுகிறது. இலண்டனில் "போடர்லைன்" என்பதும் இங்கே அஸ்கஸ் என்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அங்கே "டிஸ்கரியோசிஸ்" என்பது இங்கே தாழ்ந்த தர, உயர்ந்த தர மாற்றங்கள். இன்னொரு பெரிய வித்தியாசமும் உண்டு. பல நாடுகளில் இப்போது முதலில் பார்ப்பது கலங்களை அல்ல, எச்.பி.வி. இருக்கிறதா என்பதைத்தான். அவுஸ்திரேலியா 2017 டிசம்பரில் மாறியது. அங்கே 25 வயது முதல் 74 வரை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை, 2022 முதல் விரும்பினால் மாதிரியைத் தாங்களே எடுத்துக் கொடுக்கலாம். கனடாவின் ஒன்ராறியோ 2025இல் மாறியது. இங்கிலாந்திலும் வைரசுதான் முதலில். ஆகவே "எனக்குக் கிளினிக்கில் எடுத்ததும் உனக்கு எடுத்ததும் ஒன்றா?" என்று தமக்கையும் தங்கையும் ஒப்பிட்டுக் குழம்பவேண்டாம். அங்கே "எச்.பி.வி. இல்லை" என்று வந்தால் கலங்களைப் பார்க்கவே மாட்டார்கள், பார்க்கத் தேவையும் இல்லை. "எச்.பி.வி. உண்டு, கலங்கள் வழமை" என்று வந்தால் இங்கிலாந்தில் 12 மாதத்தில் மறுபடி அழைப்பார்கள், உடம்பு விரட்டுகிறதா என்று பார்க்கிறார்கள்.

இந்த "எச்.பி.வி. உண்டு" என்ற வரிதான் குடும்பங்களுக்குள் குண்டு போடுகிறது. உடலுறவால் பரவும் வைரசு என்று இணையத்தில் வாசித்த அன்றே, அவர் எங்கே போனார் என்ற கேள்வி எழும்புகிறது. அல்லது அவர் இவளைக் கேட்கிறார். தெளிவாகச் சொல்கிறோம். இந்த வைரசு மிகச் சாதாரணமானது. மணவாழ்வு கண்ட பெரும்பாலானோர் ஏதோ ஒரு காலத்தில் அதைப் பெற்றிருப்பார்கள். ஓர் அறிகுறியும் இல்லாமல் பல ஆண்டுகள் ஒளித்திருக்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த ஆய்வுகூடமும் சொல்லமுடியாது. அந்தத் தாள் எவருடைய ஒழுக்கத்துக்கும் சாட்சிப் பத்திரம் அல்ல. கணவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், இதையே அவருக்கும் சொல்லுகிறோம். விதவைகள், பிரிந்து வாழ்பவர்கள், "எனக்கு இப்ப என்னத்துக்கு?" என்று கேட்பவர்களுக்கும் இதே காரணத்தால்தான் பரிசோதனை தேவை.

வழமையான அறிக்கை வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது வாழ்நாள் சான்றிதழ் அல்ல. ஒரு வழுக்கி தவறவிடலாம். இந்நோய் மெதுவாக வளர்வதால்தான், திரும்பத் திரும்பச் செய்யும்போது தவறியது அடுத்த முறை பிடிபடுகிறது. ஆனால் அறிகுறி வந்துவிட்டால் அறிக்கையை நம்பி இருக்கக்கூடாது. உறவுக்குப் பின் இரத்தம், இரு மாதவிடாய்க்கு இடையில் இரத்தம், மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு சொட்டு என்றாலும் இரத்தம், நாறும் நீர்த்தன்மையான வெளியேற்றம்: இவை வந்தால் போன மாத அறிக்கை நல்லது என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். பப் பரிசோதனை சுகமாக இருப்பவர்களுக்கான சல்லடை. அறிகுறி உள்ளவர்களுக்கு வைத்தியரின் நேரடிப் பரிசோதனை வேண்டும். கருப்பையின் உடற்பகுதியிலும் சூலகத்திலும் வரும் புற்றுநோய்களை இது தேடுவதுமில்லை.

இலங்கையில் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996இல் தொடங்கப்பட்டன. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் ஊடாக, கட்டணம் இல்லாமல், 35 வயதிலும் 45 வயதிலும் உள்ளவர்களை முக்கியமாக அழைத்துப் பரிசோதிக்கிறார்கள். அதே கிளினிக்கில் இரத்த அழுத்தம், சீனி, மார்பகப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம்.

அந்த 35 என்ற இலக்கத்தில் கொஞ்சம் நிற்கிறோம். எமது சங்கத்தின் ஒரு தலைமுறைக்கு 35 வயது வந்தது எப்போது? 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள், வன்னியில் தறப்பாளின் கீழ் பிள்ளை வளர்த்தவர்கள், 2009இல் முகாமில் இருந்தவர்கள். அழைப்புக் கடிதம் எந்த விலாசத்துக்கு வந்திருக்கும்? பிறகு 45 வந்தபோது வீடு கட்டுவதும், பிள்ளைகளைப் படிப்பிப்பதும், வெளிநாட்டுக்கு அனுப்புவதுமாக அதுவும் போனது. இன்று 50களிலும் 60களிலும் இருக்கும் அவர்களில் பலர் ஒரு முறைகூடப் பரிசோதிக்கப்படாதவர்கள். வயது கடந்துவிட்டது, இனி அழைக்கமாட்டார்கள் என்று இருந்துவிட வேண்டாம். ஒரு போதும் செய்யாதவர் என்று சொல்லியே உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். பிள்ளைகளிடம் கனடாவுக்கோ இலண்டனுக்கோ போய் ஆறு மாதம் தங்கிவரும் அம்மாமாரும் புறப்படுமுன் இங்கேயே செய்துகொண்டு போவது சுகம்.

பேத்திமாருக்கு எங்களைவிட நல்ல காலம். கழுத்துப் புற்றுநோயோடு இந்த வைரசைத் தொடர்புபடுத்திய ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. 2017 முதல் எமது பாடசாலைகளில் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி ஏற்றப்படுகிறது. சம்மதப் படிவம் வந்தால் பெற்றோரும் அம்மம்மாமாரும் கையெழுத்திடத் தயங்கவேண்டாம். ஊசி போட்ட பிள்ளையும் வளர்ந்தபின் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும். தடுப்பூசி எல்லா வகை வைரசையும் தடுப்பதில்லை.

அறிக்கையை எடுக்கப் போகும்போது மூன்று விடயங்களைக் கேட்டு, அந்தத் தாளின் பின்புறத்திலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள்: மாதிரி போதுமானதா, அடுத்து நான் என்ன செய்யவேண்டும், எந்தத் திகதியில். "பிரச்சினை இருந்தால் கூப்பிடுவினம்தானே" என்று இருக்கவேண்டாம். நீங்களே போய் எடுங்கள். பழைய அறிக்கைகளை எறியாதீர்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்தாலும் போதும். அடுத்த வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.

இத்துடன் உரையை நிறுத்துகிறோம். பொதுவான கேள்விகளை இங்கேயே கேட்கலாம். அறிக்கையைக் கைப்பையில் கொண்டு வந்திருப்பவர்கள், அப்படிச் சிலர் வந்திருக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும், மதிய உணவுக்குப் பிறகு மேல்மாடியில் பழைய மனையியல் அறைக்கு வாருங்கள். நாங்கள் மூவரும் நான்கு மணி வரை அங்கே இருப்போம். ஒருவர் ஒருவராகத்தான் பார்ப்போம், கதவு சாத்தியிருக்கும். தட்டிவிட்டு வாருங்கள்.